பதின்பருவத் தூக்கம்: மேரி கார்ஸ்கேடனின் ஆய்வு மாணவரின் மனநிலை பற்றியும் படிப்பு பற்றியும் சொல்வது என்ன?

கேள்வியின் சாரம் இது: பதினோராம் வகுப்பில் படிக்கும் மகன் இரவு பன்னிரண்டு மணி ஆனாலும் தூங்குவதில்லை, காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான். மேரி கார்ஸ்கேடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை உடலின் இயல்பு என்கிறாராமே, அது உண்மையா, அல்லது சோம்பலுக்கு அறிவியல் எடுத்துக் கொடுக்கும் சாக்கா? தூக்கத்துக்கும் மாணவரின் உணர்ச்சிகளுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதியானது?

அது சாக்கு அல்ல. ஆனால் முழு விளக்கமும் அல்ல. பூப்புப் பருவத்தில் உடல் கடிகாரம் இரவின் பின்பகுதியை நோக்கித் தள்ளிப்போகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. அந்தத் தள்ளுதலை மேலும் பெரிதாக்குபவை வெளிச்சம், வீட்டுப் பழக்கம், பள்ளியின் நேர அட்டவணை ஆகியவை. உணர்ச்சியையும் படிப்பையும் பொறுத்தவரை, தூக்கக் குறைவு மாணவரின் மனநிலையைக் கெடுக்கிறது என்பதற்கான சான்று வலுவானது. மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்பதற்கும் சான்று உண்டு, ஆனால் அது அதே அளவுக்கு வலுவானதல்ல. இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மதிப்பெண் என்ற சொல் இல்லாவிட்டால் பெற்றோர் படிக்க மாட்டார்கள் என்று எண்ணுகிறார்கள் போலும்.

கார்ஸ்கேடன், தூக்க ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான வில்லியம் டிமென்டிடம் பயின்றவர். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய கோடைக்காலத் தூக்க முகாம்தான் இந்த ஆய்வுகளுக்கெல்லாம் தொடக்கம். பத்து முதல் பன்னிரண்டு வயது வரையிலான சிறுவர் சிறுமியர் அங்கே வந்து தங்கினார்கள். அவர்களே அடுத்தடுத்த ஆண்டுகளின் கோடை விடுமுறையிலும் திரும்ப வந்தார்கள். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைப்பது, காலை எட்டு மணிக்கு எழுப்புவது என்பது ஒழுங்கு. பிள்ளைகள் வளர வளரத் தூக்கத் தேவை குறையும் என்பதே அன்றைய பொது நம்பிக்கை. எந்த வயதில் எவ்வளவு குறைகிறது என்று அளந்துவிடலாம் என்றுதான் ஆய்வாளர்களும் எதிர்பார்த்தார்கள்.

அப்படி எதுவும் குறையவில்லை. பத்து மணி நேரம் படுத்திருக்க வாய்ப்புக் கொடுத்தபோது, சிறியவர்களும் பூப்பு முதிர்ந்தவர்களும் ஏறத்தாழ 9¼ மணி நேரம் தூங்கினார்கள். சிறியவர்கள் எட்டு மணிக்கு முன்பே தாமாக விழித்துக்கொண்டார்கள். பெரியவர்களைத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. இன்னொரு மாற்றமும் இருந்தது. தூங்கிய நேரம் ஒன்றாக இருந்தும், மூளையின் மின் அலைப் பதிவில் காணப்பட்ட ஆழ்தூக்கத்தின் அளவு பூப்பின் தொடக்க நிலைக்கும் முதிர்ந்த நிலைக்கும் இடையே ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது.

அந்த முகாமில் பயன்பட்ட சோதனை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் முடிவுகள் அதையே சார்ந்திருக்கின்றன. டிமென்டும் கார்ஸ்கேடனும் உருவாக்கிய இச்சோதனை பகலில் எத்தனை விரைவில் ஒருவர் தூங்கிவிடுகிறார் என்பதை அளக்கிறது. தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் மின்முனைகளை ஒட்டி, இருட்டறையில் படுக்கவைத்து, 'கண்ணை மூடிக்கொண்டு தூங்க முயலுங்கள்' என்கிறார்கள். தூங்காவிட்டால் 20 நிமிடங்களில் எழுப்பிவிடுவார்கள். தூங்கிவிட்டால் எத்தனையாவது நிமிடத்தில் மூளை அலை மாறியது என்று குறித்துக்கொள்வார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இது திரும்ப நடக்கும். நன்றாகத் தூங்கி எழுந்த பத்து வயதுப் பிள்ளை பகலில் எத்தனை முறை படுக்கவைத்தாலும் பெரும்பாலும் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கும். ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிடுவது நோய்க்குறியை ஒத்த தூக்கக் கலக்கமாகக் கருதப்படுகிறது. தூக்கக் கலக்கத்தைப் பற்றி மாணவரைக் கேட்டால் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். இந்தச் சோதனையில் பொய் சொல்ல இயலாது என்பதே இதன் பெருமை.

1980இல் வெளியான முடிவின்படி, அதே அளவு தூங்கியும் பூப்பு முதிர்ந்த பிள்ளைகளுக்கு நண்பகலை ஒட்டிய நேரத்தில் கலக்கம் கூடியிருந்தது. ஆக, வளர்கிற பிள்ளைக்குத் தூக்கத் தேவை குறைகிறது என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான முடிவு கிடைத்தது.

1985இல் கார்ஸ்கேடன் ரோட் ஐலண்டு மாநிலத்தில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அவர் எழுப்பிக்கொண்ட கேள்வி வேறு: தேவை மாறவில்லை என்றால், ஏன் எல்லோரும் தாமதமாகப் படுக்கிறார்கள்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்குள்ளேயே உடல் முதிர்ச்சி கூடியவர்கள் மாலையிலும் இரவிலும் இயங்குவதையே விரும்புபவர்களாக இருந்தது தெரிந்தது. வகுப்பு ஒன்று, வீட்டுப் பாடம் ஒன்று, பள்ளி நேரம் ஒன்று. மாறியது உடல் முதிர்ச்சிதான்.

அதன் பிறகு உமிழ்நீர் ஆய்வு வந்தது. இருள் சூழும்போது மூளையின் பீனியல் சுரப்பி மெலட்டோனின் என்ற இயக்குநீரை வெளியிடத் தொடங்குகிறது. உடலின் 'இரவு' எப்போது தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நம்பகமான அடையாளம் நம்மிடம் இல்லை. அதை அளப்பதற்காக, மாலை முழுவதும் மாணவர்களை மங்கிய ஒளியில் உட்காரவைத்து, அரை மணிக்கு ஒருமுறை உமிழ்நீரைச் சேகரித்தார்கள். அறை விளக்கைச் சற்றுக் கூட்டினாலும் மெலட்டோனின் அமுங்கிவிடும் என்பதால் அந்த மங்கல் தேவைப்பட்டது. இதற்கும் மேலே ஒரு படி சென்று, வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத ஆய்வகத்தில் 28 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்துப் பதின்பருவத்தினரை வாழச் செய்தார்கள். அந்த நீண்ட நாளுக்கு உடல் கடிகாரத்தால் ஈடுகொடுக்க இயலாது. எனவே அது தன் சொந்தத் தாளத்தில் ஓடத் தொடங்கும். அவ்வாறு அளந்தபோது பதின்பருவத்தினரின் உடல் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டிருந்தது. (இவ்வகை ஆய்வு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களிடமும், நேரக் குறிப்பு எதுவும் எட்டாத அறையில் தங்கிய மனிதர்களிடமும் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தார். அவரை நம் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம்.)

இரவில் நாம் எப்போது தூங்குகிறோம் என்பதை இரண்டு செயல்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன என்று சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட, பசியைப் போல ஏறிக்கொண்டே வரும் தூக்க அழுத்தம். மற்றொன்று, எவ்வளவு களைப்பிருந்தாலும் குறிப்பிட்ட நேரம் வரை விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் உடல் கடிகாரம். கார்ஸ்கேடன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பூப்பு முதிர்ந்தவர்களிடம் அந்தத் தூக்க அழுத்தம் சிறியவர்களைவிட மெதுவாகவே ஏறுகிறது என்பது தெரிந்தது. கடிகாரம் தள்ளிப்போவதோடு அழுத்தமும் மெதுவாக ஏறுவதால், இரவு பதினொரு மணிக்கு அவர்களுக்கு உண்மையாகவே தூக்கம் வருவதில்லை. ஆனால் விழித்திருக்க முடிகிறது என்பதால் தேவை குறைந்துவிட்டது என்று பொருளல்ல. பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்குக் கைப்பேசிதானே காரணம் என்ற மறுப்பு எப்போதும் வரும். கைப்பேசி நிலைமையை மோசமாக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலே சொன்ன முதல் ஆய்வுகள் 1976க்கும் 1993க்கும் இடைப்பட்டவை, அதாவது திறன்பேசி வருவதற்கு வெகு காலம் முந்தியவை. பூப்பு வயதில் இத்தகைய தள்ளுதல் வேறு சில பாலூட்டிகளிடமும் காணப்பட்டுள்ளது. எலிக்கு யாரும் கைப்பேசி வாங்கிக் கொடுக்கவில்லை. ஜெர்மனியில் டில் ரோனபெர்க் குழுவினர் பெரும் எண்ணிக்கையிலான மக்களின் தூக்க நேரத்தைத் தொகுத்தபோது, தாமதம் ஏறத்தாழ இருபது வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்பி வருவதைக் கண்டார்கள். உங்கள் மகனும் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தானாக எழுவார். அதற்காக இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இந்த உடலமைப்பின் மீது அதிகாலைப் பள்ளியைச் சுமத்தினால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது 1998இல் வெளிவந்த ஆய்வு. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போகும் மாணவர்களுக்குப் பள்ளி தொடங்கும் நேரம் காலை 8:25இலிருந்து 7:20க்கு மாறியது. மணிக்கட்டில் அசைவுமானியைக் கட்டி இரண்டு ஆண்டுகளிலும் அவர்களைத் தொடர்ந்தார்கள். பத்தாம் வகுப்பில் மாணவர்கள் முன்னதாக எழுந்தார்கள், ஆனால் முன்னதாகப் படுக்கவில்லை. விளைவு, தூக்கம் குறைந்தது. ஆய்வகத்துக்கு வரவழைத்துக் காலை 8:30க்கு இருட்டறையில் படுக்கவைத்தபோது சராசரியாக ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்கள். அதைவிடத் திகைப்பூட்டியது, ஏறத்தாழ பாதிப் பேர் பகல் தூக்கத்தில் நேரே கனவுத் தூக்க நிலைக்குச் சென்றுவிட்டதுதான். இயல்பாகக் கனவுத் தூக்கம் இரவில் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வரும்; படுத்தவுடன் அது வருவது நார்கோலெப்சி என்ற நோயின் அடையாளம். இந்த மாணவர்களுக்கு அந்த நோய் கிடையாது. அவர்களுடைய மூளைக்கு அப்போது இன்னும் இரவுதான், உடம்பு மட்டும் வகுப்பறையில் இருந்தது.

உணர்ச்சி பற்றிய பகுதிக்கு இப்போது வரலாம். அதே 1998இல் எமி வுல்ஃப்சனும் கார்ஸ்கேடனும் ரோட் ஐலண்டின் 3,120 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். பள்ளி நாள்களில் 6 மணி 45 நிமிடத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களிடம் மனச்சோர்வும் பகல் கலக்கமும் கூடியிருந்தன. படிப்பில் தடுமாறுவதாகச் சொன்னவர்கள், நன்றாகப் படிப்பவர்களைவிட ஏறத்தாழ 25 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள், சராசரியாக 40 நிமிடம் தாமதமாகப் படுத்தார்கள். இந்த எண்களை மேற்கோள் காட்டாத கட்டுரையே இல்லை. ஆயினும் இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தைக் காட்டவில்லை. மனம் சோர்ந்த பிள்ளைக்குத் தூக்கம் வராது. பாடம் புரியாத பிள்ளை இரவில் கூடுதல் நேரம் புத்தகத்தோடு போராடும். வீட்டில் சண்டை நடந்தால் தூக்கம், மனநிலை, மதிப்பெண் மூன்றும் சேர்ந்தே கெடும்.

ஆகவே சோதனை முறையில் தூக்கத்தைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளே நமக்குத் தேவை. 14 முதல் 17 வயது வரையிலான, நலமாக இருந்த 50 பேரை ஒரு வாரம் இரவுக்கு ஆறரை மணி நேரமும், மற்றொரு வாரம் பத்து மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் ஒப்பிட்டார்கள். அதே பிள்ளைகள்தாம், அதே குடும்பம்தான். தூக்கம் குறைந்த வாரத்தில் பதற்றம், கோபம், குழப்பம், களைப்பு ஆகியவை கூடின. உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவது கடினமாகிவிட்டது என்று பிள்ளைகளும் சொன்னார்கள், பெற்றோரும் சொன்னார்கள். ஆறரை மணி நேரம் என்பது பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பல வீடுகளில் தாராளமாகக் கருதப்படும் அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் 15 முதல் 19 வயது வரையிலான மாணவர்களை ஏழு இரவுகள் ஐந்து மணி நேரம் மட்டும் படுக்கவைத்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கவனம் நாளுக்கு நாள் சரிந்தது, மனத்தின் உற்சாகமும் குறைந்தது. பிறகு இரண்டு இரவுகள் ஒன்பது மணி நேரம் தூங்கவிட்டும் எல்லாம் முழுமையாகத் திரும்பவில்லை.

இந்த 'உற்சாகம் குறைதல்' என்பதைச் சற்று நின்று பார்க்கத் தகும். தூக்கம் கெட்டால் கோபம் வரும் என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் ஐம்பது ஆண்டுக் காலத்தின் 154 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான பகுப்பாய்வில் மிகத் தெளிவாகத் தெரிந்த மாற்றம் மகிழ்ச்சி, ஆர்வம், மனநிறைவு போன்ற இனிய உணர்ச்சிகள் மங்குவதே. வகுப்பறையில் இதன் பொருள் என்ன? எரிந்து விழும் மாணவனை ஆசிரியர் உடனே கவனித்துவிடுவார். புதிய கணக்கைக் கண்டால் ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றாமல், நண்பன் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்காமல், எதிலும் ஈடுபாடின்றி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவியை யாரும் கவனிப்பதில்லை. ஆர்வம் வற்றிய பிறகு நினைவாற்றலைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குக் குறுகிய பார்வையாகவே தோன்றுகிறது. மூளைப் படங்களும் இதற்கு ஒத்தே பேசுகின்றன: 2007இல் இளம் வயதினரை ஏறத்தாழ 35 மணி நேரம் விழித்திருக்கச் செய்து, மனத்தை உலுக்கும் படங்களைக் காட்டியபோது, உணர்ச்சியை எழுப்பும் அமிக்டலா பகுதி தூங்கியவர்களைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகக் கிளர்ந்தது, அதைக் கட்டுக்குள் வைக்கும் முன்மூளைப் பகுதியோடு அதன் இணைப்பும் தளர்ந்திருந்தது. ஆனால் அது ஒரு முழு இரவு விழிப்பு. தினமும் ஒரு மணி நேரம் குறைவதற்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

படிப்பைப் பற்றிய சான்று கலவையானது. தூக்கத்தில், மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸ் பகலில் பெற்ற நினைவுகளை மறுபடி ஓட்டிப் பார்த்து உறுதியாக்குகிறது என்பதும், தூங்காத மூளை புதிய செய்திகளைப் பதிவதில் தடுமாறுகிறது என்பதும் ஆய்வகத்தில் பலமுறை காட்டப்பட்டவை. மதிப்பெண்ணோ ஆசிரியர், வீடு, வினாத்தாள் என நூறு காரணங்களால் அமைவது; அதில் தூக்கத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். எனக்குப் பிடித்த ஆய்வு லாஸ் ஏஞ்சலிஸில் 535 மாணவர்கள் எழுதிய நாட்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது, 2013இல் வெளியானது. மாணவரை மாணவரோடு ஒப்பிடாமல், ஒரே மாணவரின் ஒரு நாளை அவருடைய மற்றொரு நாளோடு ஒப்பிட்டார்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாகப் படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்ட இரவுக்கு மறுநாள், வகுப்பில் பாடம் புரியாமல் போவதும் தேர்வில் சறுக்குவதும் கூடின. மேல் வகுப்புகளுக்குப் போகப் போக இந்த விளைவும் பெருகியது.

பள்ளி நேரத்தை மாற்றிப் பார்த்த இடங்களிலிருந்தும் செய்தி உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள ஈடைனா நகரம் 1996இல் உயர்நிலைப் பள்ளியின் தொடக்கத்தை 7:20இலிருந்து 8:30க்குத் தள்ளி முன்னோடியானது. ரோட் ஐலண்டின் ஓர் உறைவிடப் பள்ளியில் அரை மணி நேரம் மட்டும் தள்ளியபோது தூக்கம் 45 நிமிடம் கூடியதையும் மனச்சோர்வு குறைந்ததையும் ஜூடித் ஓவன்ஸ் குழுவினர் 2010இல் பதிவு செய்தார்கள். பள்ளி தாமதமானால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தானே படுப்பார்கள் என்ற அச்சம் அங்கே பொய்த்தது. சியாட்டில் நகரம் 2016இல் 7:50ஐ 8:45 ஆக்கியது. தூக்கம் 34 நிமிடம் கூடியதாகவும் உயிரியல் வகுப்பில் மதிப்பெண் சற்று உயர்ந்ததாகவும் அளந்தார்கள். 8:30க்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது 2022 முதல் சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. எல்லா இடங்களிலும் இப்படி நடக்கவில்லை: பேருந்துகளின் சுற்று, பெற்றோரின் வேலை நேரம், மாலை விளையாட்டு என்று தடைகள் பல. அமெரிக்காவில் பேசப்படும் 7:20 மணித் தொடக்கத்தைப் போல நம் ஊர்ப் பள்ளிகள் பெரும்பாலும் தொடங்குவதில்லை; ஆனால் காலை ஐந்தரை மணிக்குத் தனிப்பயிற்சி வகுப்பு வைத்தால், அந்த மாணவர்களின் உடலுக்கு அமெரிக்க மாணவரின் நிலையைவிட அது மோசம்.

'விடியற்காலையில் படித்தால் மனத்தில் நிற்கும்' என்ற நம் வீட்டு வழக்கம் பற்றியும் கேட்பீர்கள். எட்டரை மணிக்கே தூங்கிவிடும் பத்து வயதுப் பிள்ளைக்கு அதில் தவறில்லை. பதினாறு வயதுக்காரரை எட்டரைக்குப் படுக்கவைத்தால் தூக்கம் வராது. வழக்கமான தூக்க நேரத்துக்குச் சற்று முந்திய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் கடிகாரம் விழிப்பை மிக வலுவாகத் தாங்குகிறது. நான்கரை மணிக்கு எழுப்பினால் இரவின் கடைசிப் பகுதியில் செறிந்திருக்கும் கனவுத் தூக்கம்தான் முதலில் வெட்டுப்படும். உணர்ச்சிகளைச் சீராக்குவதில் அதற்குப் பங்குண்டு என்று கருதப்படுகிறது.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. எழுந்தவுடன் மாடியிலோ வாசலிலோ அரை மணி நேரம் இயற்கை வெளிச்சத்தில் இருப்பது கடிகாரத்தை முன்னோக்கி இழுக்கும். இரவு ஒன்பதுக்குப் பிறகு குழல்விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கில் படிப்பது அது பின்னால் போவதைத் தடுக்கும். மாலை ஆறுக்குப் பிறகு காபி, தேநீர் வேண்டாம். தூக்க அழுத்தத்தை உணர்த்தும் அடினோசின் என்ற வேதிப்பொருளை அவை மறைத்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கவிடுவது இரக்கமாகத் தோன்றும், ஆனால் வார இறுதித் தாமதத் தூக்கம் மெலட்டோனின் தொடங்கும் நேரத்தை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் தள்ளிவிடுவதை ஸ்டெஃபனி குரோலியும் கார்ஸ்கேடனும் 2010இல் காட்டினார்கள். ஆகவே திங்கட்கிழமை இன்னும் கடினமாகும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக விட்டு எழுப்புங்கள். மீதித் தூக்கக் கடனைப் பிற்பகலில் இருபது நிமிட உறக்கத்தில் கொஞ்சம் அடைக்கலாம்.

விடுமுறையிலும் பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு முன் தூங்க இயலாமல் போனாலோ, உரத்த குறட்டை இருந்தாலோ, இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் விருப்பமின்றி இருந்தாலோ அதைப் பருவத்தின் தள்ளுதல் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலையில் எழுப்பும் அந்தப் பத்து நிமிடங்களில் படிப்பைப் பற்றியோ நேற்று நடந்ததைப் பற்றியோ எந்தப் பேச்சும் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் மகன் சொல்லும் பதிலை வைத்து அவர் குணத்தை எடை போடவும் வேண்டாம்.